பிளேஸ்மென்ட் செல் சார்களே, மேடம்களே, அந்த நாலு எழுத்தை பசங்க மேல ஒட்டாதீங்க

கடலூர்லயும் புதுச்சேரிலயும் காலேஜ்கள்ல பிளேஸ்மென்ட் செல், சாஃப்ட் ஸ்கில்ஸ் கிளாஸ் பார்த்துக்குற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம். நான் உங்க காலேஜ்கள்ல ஒண்ணுல 2014ல பிஎஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சவன். எந்த காலேஜ்னு சொல்லல, ஏன்னா இது ஒரு இடத்து மேல புகார் கிடையாது, எல்லா இடத்துலயும் நடக்குற ஒரு விஷயம், நல்ல மனசோடதான் பண்றீங்கன்னும் தெரியும், அதனாலதான் கோவமா எழுதாம உரிமையா எழுதுறேன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்திரம் எங்க தெரு பொண்ணு ஒண்ணு, பிஎஸ்சி மேத்ஸ் ஃபைனல் இயர், எங்க வீட்டுத் திண்ணையில வந்து உக்காந்துச்சு. கையில ஒரு பிரின்ட் அவுட். காலேஜ்ல பர்சனாலிட்டி டெஸ்ட் வச்சாங்களாம், கம்ப்யூட்டர் லேப்ல எல்லாரையும் உக்கார வச்சு அரை மணி நேரத்துல முடிச்சிட்டாங்களாம். பேப்பர்ல மேல பெருசா நாலு எழுத்து, ஐஎன்எஃப்பி, அதுல முதல் எழுத்து ஐன்னா இன்ட்ரோவெர்ட், அமைதியான ஆளுன்னு அர்த்தம். கீழ பொருத்தமான வேலைகள்னு ஒரு பட்டியல், அதுக்குக் கீழ "தவிர்க்க வேண்டியவை"ன்னு இன்னொரு பட்டியல், அதுல நிறைய பேரு முன்னாடி நின்னு பேசுற வேலை எல்லாம் வருது. அது பிஎட் படிக்கணும்னு இருக்குற பொண்ணு. "அண்ணா, நான் டீச்சருக்கு லாயக்கில்லையாண்ணா?"ன்னு கேட்டுச்சு. கேக்கும்போது குரல் உள்ள போயிடுச்சு.

எனக்கு வருத்தமா இருந்தது எதுன்னா, அந்தப் பொண்ணு ஏற்கனவே பாடம் எடுத்துக்கிட்டு இருந்த பொண்ணு. ஃபர்ஸ்ட் இயர் படிக்கும்போதே இல்லம் தேடிக் கல்வியில தன்னார்வலரா சேந்துச்சு, 2021 அக்டோபர்ல நம்ம பக்கத்து மரக்காணம் ஏரியாவுலதானே அதை ஆரம்பிச்சாங்க. சாயந்திரம் ஆனா அவங்க வீட்டு வாசல்ல பதினஞ்சு இருபது புள்ளைங்க பாயில உக்காந்திருக்கும். கழித்தல்ல கடன் வாங்குறது புரியாம முழிச்ச எங்க அக்கா பையனுக்கு புளியங்கொட்டைய வச்சு புரிய வச்சது இந்தப் பொண்ணுதான். இதெல்லாம் அந்த டெஸ்ட் கேக்கல. வேற யாராவது கேட்டாங்களான்னு நான் கேட்டேன், இல்லைன்னுச்சு.

எனக்கு நடந்தது இதுக்கு நேர் எதிர். 2013ல நான் ஃபைனல் இயர் சேந்த சமயத்துல எனக்கும் இதே மாதிரி ஒரு டெஸ்ட். எனக்கு வந்தது ஈ எழுத்து, எக்ஸ்ட்ரோவெர்ட், அதாவது கலகலப்பா பேசிப் பழகுற ஆளு. நான் சின்ன வயசுலேர்ந்தே பேசுவேன், பேச்சுப் போட்டி, காலேஜ் டே காம்பியரிங், ஊர்ல கோயில் திருவிழாவுல மைக் என் கையிலதான் இருக்கும். எங்க ஆயா "வாயுள்ள புள்ள பொழைக்கும்"னு என்னைப் பாத்துதான் சொல்லும். டெஸ்ட் பேப்பரைப் பாத்த சாரும் அதையேதான் சொன்னாரு, "உனக்கு லேப் எல்லாம் செட் ஆகாதுப்பா, நீ ஃபீல்டுக்குப் போ". நான் ஆசப்பட்டது லேப்க்கு. ஆனா ஒரு பேப்பர்ல பிரின்ட் ஆகி வந்துட்டா நம்ம மனசு சொல்றது சின்னதா போயிடுது சார், இருபது வயசுல அதை எதுத்துப் பேச தைரியம் வராது. மெடிக்கல் ரெப்பா போனேன்.

நாலு வருஷம். கடலூர்தான் எனக்கு ஹெட்குவாட்டர், பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம், சிதம்பரம் எல்லாம் பைக்லதான். ஒரு நாளைக்கு பத்து பன்னெண்டு டாக்டர் கால், நடுவுல மெடிக்கல் ஷாப், ஸ்டாக்கிஸ்ட், ராத்திரி உக்காந்து டெய்லி ரிப்போர்ட். கிளினிக்ல பேஷன்ட் எல்லாம் போன பிறகுதான் உள்ள விடுவாங்க, ஒன்பதரை பத்து மணி வரைக்கும் பை தூக்கிக்கிட்டு நிக்கணும். இந்த வேலைய நான் கொறச்சி சொல்லல, அதை ரசிச்சு செய்ற ஃபிரண்ட்ஸ் எனக்கு இன்னைக்கும் இருக்காங்க, அவங்களால மரியாதையா குடும்பம் நடக்குது. எனக்குத்தான் அது உள்ள அறுத்துச்சு. பேசுறது பிரச்சனை இல்ல, ஒவ்வொரு பேச்சோட கடைசியிலயும் ஒரு நம்பர் இருக்குறதுதான் பிரச்சனை. டாக்டர்கிட்ட சிரிச்சா அதுல ஒரு கணக்கு, மெடிக்கல் ஷாப் அண்ணன்கிட்ட குடும்பம் எப்படி இருக்குன்னு கேட்டா அதுலயும் ஒரு கணக்கு. 2015 நவம்பர் வெள்ளத்துல கடலூரே தண்ணியில நிக்குது, எங்க வீட்டுக்குள்ள முட்டி அளவு தண்ணி, அப்போ மேனேஜர் போன் பண்ணி மாசக் கடைசி க்ளோசிங் என்ன ஆச்சுன்னு கேட்டாரு. அவரையும் மேலேர்ந்து யாரோ கேட்டிருப்பாங்க. அன்னைக்கு ராத்திரி அந்த ரெப் பையைப் பாக்கவே பிடிக்கல.

அந்த டெஸ்ட் என்னைப் பத்தி சொன்னது பொய்னு நான் சொல்ல வரல. எனக்குப் பேச வரும், அது நிஜம். பேச வருதுங்குறதுக்கும் சேல்ஸ்தான் என் வேலைங்குறதுக்கும் நடுவுல ஒரு பெரிய தாவல் இருக்கு, அந்தத் தாவலை டெஸ்ட் கூட முழுசா பண்ணல, நம்மதான் பண்றோம். ஒருத்தனுக்கு ஒண்ணு நல்லா வருதுன்னா அதை வித்துதான் சாப்பிடணும்னு என்ன இருக்கு? எங்க அம்மா குழம்பு வச்சா தெருவே மணக்கும், அதுக்காக ஓட்டல் வைக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தல.

இப்போ டெஸ்ட் பத்தி, நான் வேலைய விட்ட பிறகு தேடித் தேடிப் படிச்சதுல எனக்கு உறுதியா தெரிஞ்சதை மட்டும் சொல்றேன். இந்த பதினாறு டைப், நாலு எழுத்து, எம்பிடிஐன்னு சொல்வாங்க, இதை உருவாக்குனது அமெரிக்காவுல கேத்தரின் பிரிக்ஸ்னு ஒரு அம்மாவும் அவங்க மக இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும். மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921ல எழுதுன ஒரு புத்தகத்துலேர்ந்து கருத்தை எடுத்து, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல முதல் முறையா வேலைக்குப் போற பெண்களுக்கு எந்த வேலை ஒத்துவரும்னு பாக்க உதவட்டும்னு கேள்வித்தாள் மாதிரி தயார் பண்ணாங்க. ரெண்டு பேருமே சைக்காலஜி படிச்சவங்க இல்ல. அதுக்காக அவங்களை மட்டம் தட்ட வேணாம், நோக்கம் நல்ல நோக்கம், வருஷக்கணக்கா உழைச்சாங்க. ஆனா இன்னைக்கு இந்த டெஸ்ட்டை விக்கிற கம்பெனியே, இதை ஆள் எடுக்குறதுக்கோ கழிச்சு விடுறதுக்கோ பயன்படுத்தக் கூடாதுன்னு சொல்லுது. விக்கிறவங்களே கூடாதுன்னு சொல்றதை நம்ம ஏன் பண்ணணும்? அதுவும் நம்ம லேப்ல பசங்க எழுதுறது பெரும்பாலும் அந்த ஒரிஜினல் கூட இல்ல, நெட்ல ஃப்ரீயா கிடைக்குற ஏதோ ஒரு காப்பி.

நான் இப்போ வேலை செய்றது ஒரு ஃபேக்டரி கியூசி லேப்ல, சரக்கோட தரத்தை சோதிக்குற இடம், அதனால எனக்கு இதை டைட்ரேஷன் வச்சு சொன்னாதான் வரும். பிளஸ் டூ பிராக்டிகல்ல நம்ம எல்லாரும் பண்ணியிருக்கோம், பியூரெட்ல ஒரு தடவ ரீடிங் எடுத்துட்டு அதையே எழுதிட்டு வந்தா சார் மார்க் போடுவாரா? திரும்ப எடு, திரும்ப எடு, கன்கார்டன்ட் வேல்யூ வரட்டும்பாரு. ரெண்டு ரீடிங் ஒத்துப் போகலன்னா ஒண்ணு நம்ம கை தப்பு, இல்ல கரைசல் தப்பு. இந்த நாலு எழுத்து டெஸ்ட்ல அஞ்சு வாரம் கழிச்சு அதே ஆளை திரும்ப எழுத வச்சா கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நாலு எழுத்துல ஏதாவது ஒண்ணு மாறிடுதுன்னு ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு வர்றாங்க. எங்க லேப்ல அப்படி ஒரு மிஷின் இருந்தா அதை வச்சு ஒரு டேங்க் சரக்கை பாஸ் பண்ண மாட்டோம், ஆனா ஒரு பொண்ணோட பிஎட்டை நிறுத்துறோம்.

ஏன் மாறுதுன்னா அதுக்கும் காரணம் இருக்கு. ஜனங்கள்ல முக்கால்வாசி பேரு நடுவுலதான் இருக்காங்க, கொஞ்சம் கலகலப்பு, கொஞ்சம் அமைதி. டெஸ்ட் அந்த நடுவுல ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் ஈ, அந்தப் பக்கம் ஐன்னு பிரிக்குது. 34 எடுத்தவன் ஃபெயில், 35 எடுத்தவன் பாஸ் மாதிரி. அந்த ஒரு மார்க்ல இருக்குற ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ரொம்ப நெருக்கம், ஆனா பேப்பர்ல ரெண்டு வேற ஜாதி மாதிரி வந்துடுது. அதோட கேள்விகளையும் பாருங்க, பார்ட்டிக்குப் போனா அறிமுகம் இல்லாதவங்ககிட்ட நீங்களா போய் பேசுவீங்களான்ற மாதிரி வரும். எங்க ஊர்ல பார்ட்டி ஏது, கல்யாணம், காதுகுத்து, கருமாதி, அங்க அறிமுகம் இல்லாத ஆளே கிடையாது, அந்தப் பொண்ணு இதுக்கு என்ன பதில் போடும்? யோசிச்சு யோசிச்சு "இல்லை"ன்னு போட்டிருக்கு.

அப்புறம் "ஆனா எனக்கு வந்த ரிசல்ட் அப்படியே என்னை மாதிரியே இருந்துச்சே"ன்னு நிறைய பசங்க சொல்வாங்க, நானும் சொன்னேன். 1948ல பெர்ட்ரம் ஃபோரர்னு ஒரு பேராசிரியர் தன்னோட கிளாஸ்ல 39 பேருக்கு ஒரு டெஸ்ட் வச்சு, தனித்தனியா ரிசல்ட் குடுக்குற மாதிரி குடுத்தாரு. எவ்வளவு சரியா இருக்குன்னு அஞ்சுக்கு மார்க் போடச் சொன்னா சராசரி 4.3 கிட்ட வந்துச்சு. அப்புறம்தான் சொன்னாரு, 39 பேருக்கும் குடுத்தது ஒரே பேப்பர், அதுவும் ஜோசியப் புத்தகத்துலேர்ந்து எடுத்தது. "நீங்க சில சமயம் கலகலப்பா இருப்பீங்க, சில சமயம் தனியா இருக்க விரும்புவீங்க"ன்னா அது யாருக்குதான் பொருந்தாது.

இன்னொண்ணு, இதை நான் ரொம்ப லேட்டா தெரிஞ்சிக்கிட்டேன். நான் டெஸ்ட் எழுதுன அதே 2013ல ஆடம் கிராண்ட்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் ஒரு கட்டுரை வெளியிட்டாரு, கால் சென்டர்ல போன் பண்ணி விக்கிற 340 பேரோட மூணு மாச விற்பனையை எடுத்துப் பாத்திருக்காரு. ரொம்ப கலகலப்பான எக்ஸ்ட்ரோவெர்ட் ஆளுங்க முதல்ல வரல, ரொம்ப அமைதியான ஆளுங்களும் வரல, நடுவுல இருக்குறவங்கதான் அதிகமா வித்திருக்காங்க. பேசவும் தெரியும், வாயை மூடி கேக்கவும் தெரியும், அந்த ஆளுங்க. அப்போ "பேசுறவன் சேல்ஸ், அமைதியானவன் கம்ப்யூட்டர்"னு நீங்க போடுற அந்தக் கணக்கு சேல்ஸுக்கே பொருந்தல சார்.

கைரேகை வச்சு மூளையை அளக்குறோம்னு ஸ்கூல் ஸ்கூலா வர்றாங்களே, அந்த டிஎம்ஐடி, அதைப் பத்தி ரெண்டு வரி போதும். அம்மா வயித்துல இருக்கும்போதே உருவாகுற ரேகையைப் பாத்து புள்ள டாக்டர் ஆகுமா இன்ஜினியர் ஆகுமான்னு சொல்றதுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாதுன்னு இந்தியன் சைக்கியாட்ரிக் சொசைட்டியே சொல்லிடுச்சு. ஆயிரக்கணக்குல காசு வாங்குறாங்க. அவங்களை காலேஜ் கேட்டுக்குள்ள விடாதீங்க, அவ்வளவுதான்.

டெஸ்ட்டே வேணாம்னு சொல்றேனான்னா, இல்ல. ஜான் ஹாலண்ட்னு ஒருத்தர் 1959லேர்ந்து கொண்டு வந்த ஒரு முறை இருக்கு, ஆறு வகையா ஆர்வத்தைப் பாக்குறது. கையால செய்ற வேலை, ஆராயுற வேலை, கலை, மனுஷங்களுக்கு உதவுறது, ஆளுங்களை நடத்தி வியாபாரம் பண்றது, ஒழுங்கா கணக்கு வச்சிக்கிறது. இது உனக்கு என்ன பிடிக்கும்னு கேக்குது, நீ இப்படித்தான்னு முத்திரை குத்தல. நெட்ல காசு இல்லாம கிடைக்குது. அதை எழுத வச்சு, ரிசல்ட்டை முடிவா குடுக்காம அதை வச்சு அந்தப் பையன்கூட பத்து நிமிஷம் உக்காந்து பேசுனீங்கன்னா பிரயோஜனம். பத்து நிமிஷம் பேசுறதுதான் முக்கியம், பேப்பர் ஒரு சாக்கு. எனக்கு அன்னைக்கு யாராவது அந்தப் பத்து நிமிஷம் குடுத்து "சரிப்பா, நீ லேப் கேக்குறியே, அங்க உனக்கு என்ன பிடிக்குது?"ன்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். ஃபீனால்ப்தலீன் போட்ட கரைசல்ல அந்தக் கடைசி ஒரு சொட்டு விழுந்ததும் லேசா ரோஸ் கலர் வந்து நிக்குமே, அந்த நொடி எனக்கு மனசு அடங்கிடும்னு. இது எந்த டெஸ்ட்லயும் கேள்வியா வராது.

2018ல வேலைய விட்டேன். விட்டதோட பேச்சையும் விட்டேன், இது யாரும் எதிர்பாக்கல, நானும்தான். மைக்கைக் குடுத்தா வேணாம்பேன், கல்யாண வீட்டுல ஓரமா உக்காந்திருப்பேன். பேசுனாலே ஏதோ விக்கிற மாதிரி எனக்கே கேக்கும். எங்க ஆயா பயந்துட்டாங்க. அடுத்த வருஷம் லேப்ல ஆளு எடுத்தாங்க, சம்பளம் கம்மி, ஆனா வெள்ளைக் கோட்டு போட்டு உள்ள போன முதல் வாரத்துலயே எனக்கு ராத்திரி தூக்கம் வர ஆரம்பிச்சுது. எட்டு மணி நேர ஷிஃப்ட்ல நான் பேசுறது அதிகபட்சம் அரை மணி நேரம் இருக்கும். டெஸ்ட் படி நான் அங்க வாடிப் போயிருக்கணும்.

பேச்சு திரும்ப வந்தது வேற வழியில. எதிர்வீட்டு மாமாவுக்கு ஒரு நாள் காலையில ஒரு பக்கம் கை விழுந்து வாய் கோணிடுச்சு. அத்தை அழுவுது, 108 வந்து ஏத்திக்கிட்டுப் போறோம், காஷுவால்டில ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, "நேத்தே டயர்டா இருந்தாரு", "சுகர் இருக்கு சார்", "போன வருஷம் கூட இப்படித்தான்". ஒரு டாக்டர் முன்னாடி எனக்குக் கிடைக்குறது முப்பது நாப்பது செகண்ட், அதுக்குள்ள எது முக்கியமோ அதை முதல்ல சொல்லணும்னு நாலு வருஷம் பழகுன வாய் இது. ஆம்புலன்ஸ்லயே அத்தைகிட்ட மூணு கேள்வி கேட்டு வச்சிருந்தேன். டாக்டர்கிட்ட சொன்னேன், "சார், ஆறரை மணிக்கு டீ குடிக்கும்போது நல்லா பேசுனாரு, ஏழு மணிக்குள்ள இப்படி ஆயிடுச்சு, சுகருக்கும் பிரஷருக்கும் இந்த மாத்திரை, ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை எதுவும் இல்ல". ஸ்ட்ரோக்ல ரத்தக் கட்டியைக் கரைக்குற ஊசி போடணும்னா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதனால கடைசியா எப்போ நல்லா இருந்தாருன்றதுதான் அவங்களுக்கு முதல் கேள்வி, ரெப் வேலையில டாக்டர்ங்க பேசிக் கேட்டது. மாமா இப்போ கம்பு ஊனிக்கிட்டு கடைத்தெரு வரைக்கும் போறாரு. அன்னைக்கு ஆஸ்பத்திரி வெராண்டாவுல உக்காந்து யோசிச்சேன், இவ்வளவு நேரம் பேசியிருக்கேன், எதையும் விக்கல.

அப்புறம் அது ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போறவங்க முந்தின நாள் ராத்திரி எங்க வீட்டுக்கு வருவாங்க, நான் ஒரு வெள்ளைத் தாள்ல என்ன தொந்தரவு, எப்போலேர்ந்து, என்ன மாத்திரை, எந்த மாத்திரை ஒத்துக்கல, டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய ரெண்டு கேள்வி, இவ்வளவும் எழுதிக் குடுப்பேன். விடியக்காலை பஸ் புடிச்சு கோரிமேடு போயி அவ்வளவு நேரம் வரிசையில நின்னு உள்ள போகும்போது பயத்துல பாதி மறந்துடும், அந்தத் தாளை நீட்டுனா போதும்.

2024 நவம்பர் 30ந்தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது, அது போயிடுச்சுன்னு நிம்மதியா இருந்த நேரத்துல சாத்தனூர் அணையிலேர்ந்து தொறந்துவிட்ட தண்ணி தென்பெண்ணையில வந்து எங்க பக்கமெல்லாம் புகுந்துச்சு. தண்ணி வடிஞ்ச பிறகு திங்கக்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல கூட்டம் தாங்கல. எங்க தெரு ஆயா ஒருத்தங்க மனு எழுதிட்டு வந்து என்கிட்ட காட்டுனாங்க. ஒன்றரை பக்கம், "மேற்படி முகவரியில் பல ஆண்டுகளாக வசித்து வருகிறேன், ஏழை, ஆதரவற்றவள், தாங்கள் கருணை கூர்ந்து"ன்னு போகுது, கடைசி வரைக்கும் என்ன வேணும்னு இல்ல. "ஆயா, உனக்கு இப்போ என்ன வேணும், ஒண்ணே ஒண்ணு சொல்லு"ன்னேன். அவங்க தாத்தா செத்ததுலேர்ந்து ஆரம்பிச்சாங்க, சுனாமிக்கு வந்தாங்க, தானே புயலுக்கு வந்தாங்க, மகன் திருப்பூர் போனதைச் சொன்னாங்க. நான் நடுவுல வெட்டல, அரை மணி நேரம் கேட்டேன். கடைசியில தெரிஞ்சுது, சுவரு ஒரு பக்கம் இடிஞ்சதைப் பாத்து எழுதிட்டுப் போக ஆளு வந்தப்போ இவங்க பள்ளிக்கூடத்து கேம்ப்ல இருந்திருக்காங்க, வீடு பூட்டியிருந்துச்சு, லிஸ்ட்ல பேரு வரல. அவ்வளவுதான் விஷயம். நாலு வரி எழுதுனோம், முதல் வரியில "இடிந்த வீட்டுக் கணக்கெடுப்பில் என் வீடு விடுபட்டுவிட்டது, மீண்டும் வந்து பார்க்க வேண்டும்", கூட ரேஷன் கார்டு ஜெராக்ஸ், சுவரு போட்டோ. ஆளு வந்து பாத்தாங்க.

அந்த அரை மணி நேரம் கேட்டதுதான் சார் கம்யூனிகேஷன். உங்க சாஃப்ட் ஸ்கில்ஸ் கிளாஸ்ல நானும் உக்காந்திருக்கேன், செல்ஃப் இன்ட்ரடக்ஷன் மனப்பாடம் பண்ணு, கண்ணைப் பாத்துப் பேசு, கை கட்டாத, இங்கிலீஷ்ல பேசு, குரூப் டிஸ்கஷன்ல முதல் ஆளா வாயைத் தொற. எல்லாம் இன்டர்வியூ ரூம் கதவு வரைக்கும்தான். வேலை கிடைக்குறதுக்கு அது வேணும், மறுக்கல, அரசோட 'நான் முதல்வன்' திட்டம் வந்த பிறகு 2022லேர்ந்து பசங்களுக்கு கூடுதலா பயிற்சியும் கிடைக்குது, சந்தோஷம். ஆனா பேசக் கத்துக்குடுக்குறது கம்பெனிக்காக மட்டும்னு பசங்க மனசுல பதிஞ்சிடுது, வேலை கிடைக்காதவன் அந்த நோட்டை மூடி பரண்ல போட்டுடுறான், வேலை கிடைச்சவன் ஆபீஸ்ல நல்லா பேசிட்டு வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசாம போனைப் பாக்குறான். கிராமசபை வருஷத்துக்கு ஆறு தடவ நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எங்க ஊர்ல டிகிரி முடிச்ச பசங்க எத்தனை பேரு, அதுல எழுந்து நின்னு குடிதண்ணி பைப் பத்தி ஒரு கேள்வி கேட்டவங்க யாருன்னு பாத்தா, கேட்டது பால் சொசைட்டி அக்கா ஒருத்தங்க, அஞ்சாவது படிச்சவங்க. சுதந்திரப் போராட்டத்துல நின்ன நம்ம கடலூர் அஞ்சலையம்மாளும் அஞ்சாவதுதான் படிச்சாங்க, எத்தனை மேடையில பேசுனாங்க, எத்தனை தடவ ஜெயிலுக்குப் போனாங்க, 1937ல சட்டசபைக்கே போனாங்க. அவங்க பேச்சுக்கு யாரு சம்பளம் குடுத்தா?

அதனால உங்ககிட்ட கேக்குறது இதுதான். டெஸ்ட் ரிசல்ட்டை பசங்க ட்ரெய்னிங் ரெக்கார்டுல, ரெஸ்யூம்ல போடாதீங்க, கம்பெனிக்கு அனுப்பாதீங்க, "தவிர்க்க வேண்டியவை"ன்ற அந்தப் பட்டியலை பிரின்டே எடுக்காதீங்க. அதுக்குப் பதிலா ஒரு நாள் வேலைக்கு அனுப்புங்க. ஒரு ஆள் ஒரு வேலைக்கு ஒத்து வருவாரான்னு பாக்க அந்த வேலையிலயே ஒரு துண்டைக் குடுத்து செய்யச் சொல்லிப் பாக்குறது இந்த நாலு எழுத்தை விட எவ்வளவோ நல்ல வழி. பழைய மாணவங்க நாங்க இருக்கோம், ரெப் பையோட ஒரு நாள், பேங்க் கவுன்டர் பக்கத்துல ஒரு நாள், ஸ்கூல்ல ஒரு நாள், முந்திரி கம்பெனி ஆபீஸ்ல ஒரு நாள். சாயந்திரம் திரும்ப வரும்போது பையன் மூஞ்சியைப் பாத்தாலே உங்களுக்குத் தெரிஞ்சிடும்.

சாஃப்ட் ஸ்கில்ஸ் ஹவர்ல நாலுல ஒண்ணை வெளியில வைங்க. திங்கக்கிழமை காலையில பத்து பசங்களை கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குக் கூட்டிட்டு வாங்க, எழுதத் தெரியாதவங்க பக்கத்துல உக்காந்து முதல்ல கேக்கட்டும், அப்புறம் நாலு வரி எழுதட்டும். தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கட்டி ஒரு கேள்வி எப்படி கேக்குறதுன்னு எழுதிப் பழகட்டும், முப்பது நாள்ல பதில் வருதா பாக்கட்டும். இங்கிலீஷ்ல திக்கித் திக்கி முழிக்குற பையன் அங்க எப்படிப் பேசுறான்னு நீங்க பாத்தா அவனுக்குப் போட்ட கிரேடை நீங்களே மாத்துவீங்க. அமைதியான பொண்ணுங்களுக்கு இதுல இடம் இல்லைன்னு நினைக்காதீங்க, கேக்குறதுக்குத்தான் அங்க ஆளே இல்ல.

அந்த மேத்ஸ் பொண்ணு கிளாஸ் எடுக்குறதை நான் அடுத்த நாளே போய்ப் பாத்தேன். ஒரு கேள்வி கேக்குது, கேட்டுட்டு சும்மா இருக்கு. புள்ளைங்க முழிக்குது, அப்பவும் சும்மா இருக்கு, கடைசி வரிசையில ஒரு வாண்டு மெதுவா கையைத் தூக்குது. அமெரிக்காவுல மேரி பட் ரோன்னு ஒரு அம்மா 1970கள்ல வகுப்பறைகளை ரெக்கார்டு பண்ணிப் பாத்தாங்க, டீச்சருங்க கேள்வி கேட்டு பதிலுக்குக் காத்திருக்குறது சராசரியா ஒரு செகண்ட்தான், அதை மூணு செகண்ட் ஆக்குனா புள்ளைங்க நீளமா பதில் சொல்லுது, எப்பவும் பேசாத புள்ளைங்களும் பேசுதுன்னு கண்டுபிடிச்சாங்க. இந்தப் பொண்ணுக்கு அதை யாரும் சொல்லித் தரல, அதோட சுபாவத்துலேயே இருக்கு. எந்த சுபாவத்துக்காக டீச்சர் வேலை வேணாம்னு பேப்பர்ல போட்டீங்களோ அதேதான்.

அது பிஎட் அப்ளிகேஷன் போடுறதா இருக்கு, நான் கூட நிக்கிறேன். எனக்கு வாரத்துல ஒரு நாள் லீவு, ஷிஃப்ட் மாறுனா சில திங்கக்கிழமையும் கிடைக்கும். எந்த காலேஜ் கூப்பிட்டாலும் என் செலவுல வர்றேன், ரெப்பா இருந்த நாலு வருஷத்தையும் லேப் வேலையையும் உள்ளது உள்ளபடி சொல்றேன், பியூரெட் பிப்பெட் இருந்தா ஒரு டைட்ரேஷனும் பண்ணிக் காட்டுறேன். அந்தப் பொண்ணோட சீனியர்ங்க ரெண்டு பேரும் இதே மாதிரி பேப்பரை வச்சிக்கிட்டு வீட்டுல உக்காந்திருக்காங்கன்னு கேள்விப்பட்டேன், உங்க ரெக்கார்டுல அவங்க நம்பர் இருக்கும். இந்த வாரமே ஒரு போன் பண்ணி வரச் சொல்லி, அந்தப் பத்து நிமிஷம் குடுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய மாணவன் ஒருத்தன்,
கியூசி லேப், கடலூர்